லோடர் பக்கெட் மாட்டும்போது லாக் பின்னின் நுனியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு அள்ளுவது, சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் பிடுங்குவது, தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை ஊரணி, கண்மாய் தூர்வாருவது, கரையோரத்தில் கருவாட்டு மூட்டையும் வைக்கோல் கட்டும் ஏற்றுவது என்று ராமநாதபுரம் கடற்கரையில் டிராக்டர் லோடருக்கு, அதாவது முன்னால் தூக்கும் கைகள் பொருத்திய டிராக்டருக்கு, வேலை நிறைய இருக்கிறது. ஒரே வண்டியில் காலையில் பக்கெட், மதியம் கட்டு தூக்கும் போர்க், சாயங்காலம் முள் அள்ளும் கிராப் என்று மாற்றி மாட்டி ஓட்டினால்தான் டீசல் காசும் வாடகையும் கட்டுபடியாகும். அதற்காகத்தான் கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் அட்டாச் தட்டு வந்தது. நாலு பின்னைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றி, மறுபடி நாலு பின்னைத் தட்டி மாட்டிய வேலை இப்போது சில நிமிடங்களில் முடிகிறது. அந்தச் சில நிமிடங்களில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமலே வண்டியை எடுக்கிற பழக்கம் எங்கள் வட்டாரத்தில் பரவிக் கிடக்கிறது. ஐந்தடி, ஆறடிப் பக்கெட் ஒன்று வெறுமனே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். லாரித் தொட்டி உயரத்தில் அது கழன்றால் கீழே நிற்பவர் தப்புவதற்கு இடமே இல்லை. அதனால்தான் லோடர் ஓட்டுகிறவர்களும் பட்டறை வைத்திருப்பவர்களும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

இங்கே ஓடும் லோடர்களில் பெரும்பாலும் இரண்டு வகைப் பூட்டு. ஒன்று, ஸ்கிட் லோடர் என்ற சின்ன லோடர் வண்டியிலிருந்து வந்தது. லோடர் கைகளின் முனையில் ஒரு தட்டு இருக்கும். அதன் மேல் விளிம்பு சரிவாக இருக்கும். பக்கெட்டின் முதுகில் மேலே குறுக்காக ஒரு மடிப்பு, கீழே இடமும் வலமும் ஒவ்வொரு துளை. தட்டின் மேல் விளிம்பு மடிப்புக்குள் போய் உட்கார, தட்டிலுள்ள இரண்டு லீவரையும் அமுக்கினால் இரண்டு லாக் பின்கள் இறங்கி அந்தத் துளைகளுக்குள் நுழையும். இந்த அமைப்புக்கான அளவைச் சொல்லும் சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 24410. மற்றது ஐரோப்பிய வகை. அதில் லோடர் பக்கம் மேலே ஒரு குறுக்குத் தண்டு இருக்கும். கருவியின் முதுகிலுள்ள கொக்கிகள் அதில் மாட்டிக்கொள்ளும். கீழே பக்கவாட்டில் ஓடும் பின்கள் கருவியின் காதுத் துளைகளுக்குள் போகும். அதன் தரம் ஐஎஸ்ஓ 23206. ஒன்றின் கருவி மற்றதில் மாட்டாது. இது போக, உள்ளூர்ப் பட்டறையில் வண்டிக்கு ஏற்றபடி அடித்துக் கொடுத்த தட்டுகளும் உண்டு. அவற்றின் சிக்கலைப் பின்னால் சொல்கிறோம்.

எந்த வகையானாலும் மேலே மாட்டுவது தூக்குவதற்கு. கீழே பூட்டுவது பிரியாமல் இருப்பதற்கு. பக்கெட்டில் சுமை இருக்கும்போது எடை முன்னால் கீழ்நோக்கி இழுக்கும். மேல் மடிப்பு இழுபடும், கீழ்ப்பக்கம் தட்டோடு அழுந்திக்கொள்ளும். அந்த நேரத்தில் கீழ்ப்பின் ஒன்றுகூட இறங்காமல் இருந்தாலும் பக்கெட் அசையாது. ஆணியில் மாட்டிய காலண்டர் காற்றடிக்கிற வரை சுவரோடு ஒட்டி நிற்கிற மாதிரிதான். உப்பை அள்ளும், பின்னால் சாய்த்துக்கொண்டு நகரும், லாரிப் பக்கம் போய்க் கையைத் தூக்கும். எல்லாம் சரியாகவே இருக்கும். உச்சியில் வைத்துக் கொட்டுவதற்காக முன்னால் கவிழ்க்கும்போதுதான் தட்டின் முகம் தரையைப் பார்க்கத் திரும்பும். கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால் பக்கெட் தட்டை விட்டு விலகி, மடிப்பும் நழுவிக் கழன்றுவிடும். உப்பு அம்பாரத்தில் கூடை வைத்துக்கொண்டும் லாரித் தொட்டியில் மண்வெட்டி வைத்துக்கொண்டும் ஆட்கள் நிற்பது அந்த இடத்தில்தான். ‘இவ்வளவு நேரம் நன்றாகத்தானே ஓடியது’ என்பது பூட்டு சரியாக விழுந்ததற்குச் சான்று ஆகாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மாட்டும் முறை. கருவி சமதளத்தில், தானாக நிற்கிற நிலையில் இருக்க வேண்டும். லாக் பின்கள் இரண்டும் மேலே ஏறியிருக்க, லீவர்கள் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்க லீவரை மறந்துவிட்டுப் போனால் தட்டு மடிப்புக்குள் நுழையும்போதே அந்த லாக் பின் கருவியின் முதுகில் இடித்து வளையும். வண்டியைத் தாழ்ந்த கியரில் நேராகக் கொண்டுபோக வேண்டும். கோணலாகப் போனால் மடிப்பின் ஒரு மூலை மட்டும் உட்கார்ந்து மறு மூலை விரலளவு தூக்கி நிற்கும். தட்டை முன்னால் சாய்த்து, மேல் விளிம்பை மடிப்புக்குக் கீழே கொண்டுபோய், கையை மெல்ல உயர்த்தினால் மடிப்பின் முழு நீளமும் தட்டின் மேல் ஏறும். இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தி இரண்டு மூலையையும் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு தட்டைப் பின்னால் சாய்த்தால் கருவியின் கீழ்ப்பகுதி தன் எடையாலேயே வந்து தட்டோடு பொருந்தும். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்க வேண்டிய தேவையே இல்லை. பூட்டாத கருவியை அதற்கு மேல் தூக்குவதும், அப்படியே பத்தடி நகர்த்தி ‘வாகான இடத்தில்’ பூட்டிக்கொள்ளலாம் என்று கிளம்புவதும் கூடவே கூடாது.

அடுத்து கருவியைத் தரையில் லேசாகத் தொடும்படி இறக்கி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். இன்ஜின் ஓட, டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டு கிளீனர் தம்பியை லீவரை அமுக்கச் சொல்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தம்பியின் கை தட்டுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும்போது டிரைவரின் முழங்கை கண்ட்ரோல் லீவரில் பட்டால் போதும், விரல் போய்விடும்.

இரண்டு லீவரையும் கடைசி வரை தள்ள வேண்டும். ஸ்பிரிங் நல்லபடியாக இருந்தால் பாதி வழியில் கை இறுகும், பிறகு தானாகவே இழுத்துக்கொண்டு ‘டக்’ என்று விழும். அப்படி விழாமல் தொளதொளவென்று போனால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது அல்லது துருவில் செத்துப்போயிருக்கிறது. லீவர் விழுந்த பிறகு குனிய வேண்டும். குனிந்து, துளையின் கீழ்ப்பக்கம் லாக் பின்னின் நுனி வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு விரல் கனமாவது வெளியே தெரிய வேண்டும். இடது பக்கம் பார்த்துவிட்டு வலது பக்கம் சுற்றிப் போயும் பார்க்க வேண்டும். கிளீனர் இருந்தால் அவர் ஒரு பக்கம் பார்த்து, “இந்தப் பக்கம் பின்னு வெளிய வந்துருச்சுண்ணே” என்று குரல் கொடுக்கட்டும். ஆனால் டிரைவர் தன் கண்ணாலும் ஒருமுறை பார்க்காமல் ஏறக் கூடாது.

லீவர் படுத்திருந்தால் பின் இறங்கியிருக்கும் என்று நினைப்பதுதான் எங்கள் பக்கம் உள்ள பெரிய தவறு. பல அமைப்புகளில் லீவருக்கும் பின்னுக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. பின் எதிலாவது இடித்து நின்றாலும் ஸ்பிரிங் அமுங்கிக்கொடுத்து லீவரைப் படுக்க விட்டுவிடும். இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு லீவரும் பூட்டிய நிலையில் அழகாகத் தெரியும். கீழே பார்த்தால் பின்னின் நுனி துளைக்குள் போகாமல் விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். ஏன் இடிக்கிறது என்று தேடினால் இந்தக் கடற்கரையில் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது மணல். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தங்கச்சிமடம், பாம்பன், அரிச்சல்முனைச் சாலைப் பக்கம் திறந்த வெளியில் ஒரு ராத்திரி கிடந்த பக்கெட்டின் கீழ் விளிம்பில் மணல் இறுகிக் கிடக்கும். பின் இறங்கும்போது அந்த மணலை அமுக்கி அதன் மேலேயே நின்றுவிடும். இரண்டாவது உப்பு. உப்பளத்தில் வேலை முடித்த பக்கெட்டின் துளையில் தங்கிய உப்புநீர் காய்ந்தால் துளையின் சுற்றில் வெள்ளையாக ஓடு கட்டும். மேலாகப் பார்த்தால் பொடி மாதிரி இருக்கும். திருப்புளியால் குத்தினால்தான் அது கல்லாக இறுகியிருப்பது தெரியும். அடியில் துரு செதில் செதிலாக எழுந்து துளையின் அளவையே சுருக்கியிருக்கும். மூன்றாவது சீமைக்கருவேலம். பென்சில் பருமன் குச்சி ஒன்று துளைக்குள் குறுக்கே மாட்டிக்கொண்டால் பின் இறங்காது. பச்சைக் குச்சியாக இருந்தால் இன்னும் மோசம்; பின் அதைப் பாதி நசுக்கிக்கொண்டு பாதி இறங்கி நிற்கும், வேலையின் அதிர்வில் மெல்ல மேலே ஏறும்.

ஆகவே மாட்டுவதற்கு முன் ஒரு திருப்புளி, ஒரு கம்பி பிரஷ், ஒரு பழந்துணி வேண்டும். துளை இரண்டையும் குத்திச் சுத்தம் செய்து, மேல் மடிப்பின் உள்பக்கத்தை நீளவாக்கில் பிரஷ் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மடிப்புக்குள் மண் இறுகியிருந்தால் தட்டு முழுதும் ஏறாது. அது ஏறாவிட்டால் கீழே துளையும் பின்னும் நேர்க்கோட்டில் வராது. கீழே பின் இறங்கவில்லை என்று சுத்தியலால் லீவரைப் போடுகிறவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும். பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும். சுத்தியலால் அடித்தால் லீவரின் இணைப்புக் கம்பி வளையும். வளைந்த பிறகு நல்ல பக்கெட்டுக்கும் அது சரியாகப் பூட்டாது.

கண்ணால் பார்த்த பிறகு ஒரு அழுத்தச் சோதனை. முன்னால் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கெட்டை முன்னால் கொஞ்சம் சாய்த்து அதன் வெட்டு விளிம்பைத் தரையில் ஊன்றி, டிராக்டரின் முன் சக்கரங்களில் பாரம் குறைந்து லேசாக எழும்பத் தொடங்கும் வரை அழுத்த வேண்டும். தரை விளிம்பை மேலே தள்ளும்போது பக்கெட்டின் கீழ்ப்பகுதி தட்டை விட்டுப் பிரியப் பார்க்கும். சுமை தூக்கும்போது வராத அந்த விசை இப்போது முழுக்க லாக் பின்களில் விழும். பின் இறங்காத பக்கம் இடைவெளி திறப்பது இருக்கையிலிருந்தே தெரியும். அந்த அழுத்தத்திலேயே ஒரு முழம் பின்னால் இழுத்துப் பார்த்தால் இன்னும் நிச்சயம். மணலில் விளிம்பு புதைந்துவிடும் என்பதால் கடற்கரையில் இந்தச் சோதனையைக் கெட்டித் தரையிலோ ஒரு பலகை போட்டு அதன் மேலோ செய்ய வேண்டும். போர்க் மாட்டியிருந்தால் நுனியை ஊன்றி அதிகம் அழுத்தக் கூடாது, நுனி வளையும். மெல்ல ஊன்றி இடைவெளியைப் பார்த்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் பின்னைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. பாதி மட்டும் இறங்கிய லாக் பின் ஒரு அழுத்தத்தைத் தாங்கிவிட்டு, நூறாவது நடையில் விடும். இரண்டும் வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் இங்கே ஆளுக்கொரு கருத்து. எங்கள் கருத்து இது: உப்பளத்தில் ஓடும் வண்டிக்கும் மணலில் ஓடும் வண்டிக்கும் ஒரே மாதிரி கிரீஸ் அடிக்கக் கூடாது. உப்பளத்தில் எதிரி துரு. அங்கே பின்னின் உடம்பிலும் துளையின் சுற்றிலும் கிரீஸ் மெல்லியதாகப் பூசி வைத்தால் உப்புநீர் இரும்பைத் தொடாது. மணலில் அதே கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு பின்னையும் துளையையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துத் தின்றுவிடும். அங்கே கிரீஸ் அடிக்கும் நிப்பிள் வழியாகப் புது கிரீஸ் வெளியே வரும் வரை அடித்து, வெளியே வந்ததை முழுதும் துடைத்துவிட வேண்டும். பின்னின் வெளிப்பகுதியில் மெல்லிய ஆயில் தடவித் துடைத்தால் போதும். லீவர் இறுகிப்போயிருந்தால் டீசலோ துரு இளக்கும் ஆயிலோ ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, கழற்றி, உப்புத்தாள் போட்டு மாட்ட வேண்டும். பக்கெட்டை உப்பளத்து வாய்க்கால் நீரிலேயே கழுவிவிட்டு ‘கழுவியாச்சு’ என்பவர்களும் உண்டு. அதைவிடக் கழுவாமல் துடைப்பது மேல். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்களில் பக்கெட் முழுவதையும் கழுவச் சொல்வது நியாயமில்லை. துளை இரண்டு, பின் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு. இவற்றுக்கு ஒரு செம்புத் தண்ணீரும் ஈரத் துணியும் காணும்.

தேய்மானம் பற்றி. லாக் பின்னின் நுனி ஒரு பக்கம் சரிவாக இருப்பது அழகுக்கு அல்ல. அது ஆப்பாக இறங்கிப் பக்கெட்டைத் தட்டோடு இறுக்குகிறது. துளை தேயத் தேயப் பின் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒரு கட்டத்தில் அந்தச் சரிவு தீர்ந்துபோகும். லீவர் முழுதும் படுத்த பிறகும் பக்கெட் தட்டில் ஆடுகிறது, பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக் கடக்’ என்கிறது என்றால் அந்தக் கட்டம் வந்துவிட்டது. கீழ் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். ஐந்தைத் தாண்டினால் பட்டறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. துளை நீள்வட்டமாகிவிட்டால் வெல்டிங்கில் நிரப்பி மறுபடி அளவுக்குத் துளையிடலாம், அல்லது கனத் தகடு வெட்டி ஒட்டலாம். பின்னைமட்டும் வெல்டிங் போட்டு நிரப்பக் கூடாது. அது கடினமாக்கப்பட்ட இரும்பு. வெல்டிங் சூட்டில் அதன் பதம் கெட்டு, வேலையில் ஒடியும். ஒடிந்த பின்னுக்குப் பதில் போல்ட் போடுவது அதைவிட ஆபத்து. மரை வெட்டிய இடத்தில் போல்ட் எளிதில் அறுந்துவிடும். வெல்டிங்கிற்கு முன் பக்கெட்டை டிராக்டரிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாத வேலை என்றால் பேட்டரி வயரை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். தூரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் பாய்ந்து அவற்றைத் தின்றுவிடும்.

உள்ளூர்ப் பட்டறையில் அடிக்கும் தட்டுகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல கை உள்ளவர்கள் கம்பெனிச் சாமானைவிடக் கெட்டியாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு பட்டறையில் தட்டையும் இன்னொரு பட்டறையில் போர்க்கையும் அடித்தால் இரண்டும் சேர்வதில்லை. மடிப்பின் சரிவு இரண்டு டிகிரி மாறினாலே தட்டு முழுதும் ஏறாது. கீழ் விளிம்பின் தகடு கனமாகிவிட்டால் பின்னின் நுனி வெளியே வராது. வாய்மொழியாக அளவு சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பக்கெட்டின் முதுகைப் பார்த்து 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பின் சரிவு, மடிப்பிலிருந்து துளை வரை உயரம், துளைக்குத் துளை தூரம், கீழ்த் தகட்டின் கனம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். புதுக் கருவியை வாங்கும்போது இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துப் பார்த்தால் முதுகு கோணலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வர்ணம் அடித்துவிட்டுத் தருவதற்கு முன் வண்டியில் மாட்டி, பின் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பட்டறைக்காரர்களிடம் இன்னொரு வேண்டுகோள். பின்னின் நுனியில் இரண்டு விரல் அளவுக்கு மஞ்சள் அல்லது வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுங்கள், நிழலிலும் தெரியும். பல லோடர்களில் பின் இறங்கியதைக் காட்ட ஒரு அடையாளக் கம்பி வைக்கிறார்கள். அது லீவரோடு சேர்ந்து நகர்கிற மாதிரி வைத்தால் பயனில்லை, பின்னோடு சேர்ந்து நகர வேண்டும். பின்னின் நுனியில் குறுக்கே சின்னத் துளை போட்டு ஆர் கிளிப் (R வடிவக் கம்பிக் கிளிப்) மாட்ட வழி செய்தால் இன்னும் நல்லது. பின் முழுதும் வெளியே வராவிட்டால் கிளிப்பை மாட்டவே முடியாது. மறந்தாலும் கை சொல்லிவிடும். கிளிப் தொலைந்தால் கட்டுக்கம்பியைச் சுற்றாமல் புது கிளிப் வாங்குங்கள். கம்பி உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துவிடும்.

கிராப் போன்ற, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கருவி என்றால் ஆயில் போகும் ஹோஸ் குழாயை மாட்டும் வேலை கூடுதல். கருவி பூட்டியது உறுதியான பிறகே ஹோஸ் மாட்ட வேண்டும். முதலிலேயே மாட்டிவிட்டுப் பூட்டப் போனால் ஹோஸ் நடுவில் சிக்கி நசுங்கும். இன்ஜினை அணைத்து, கண்ட்ரோல் லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்டு, ஹோஸை இணைக்கும் கப்ளரின் முகத்தைத் துடைத்து மாட்டுங்கள். வெயிலில் கிடந்த கிராப்பின் ஹோஸ் சில சமயம் எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே போகாது. உள்ளே அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து கப்ளரின் வால்வை உள்ளிருந்து தள்ளுவதுதான் காரணம். கல்லால் நுனியைத் தட்டினால் வால்வு கெட்டு ஒழுக ஆரம்பிக்கும். நிழலில் விட்டு ஆறிய பிறகு மாட்டலாம். கழற்றும்போதே அழுத்தத்தை விட்டுவிட்டுக் கழற்றினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஒரு அட்டையைக் காட்டினால் ஈரம் விழும் இடம் தெரிந்துவிடும். ஜோடி ஹோஸ்களுக்கு ஒரே நிற டேப் சுற்றி வையுங்கள். மாற்றி மாட்டினால் திறக்க நினைக்கும்போது கிராப் மூடும்.

கழற்றுவதிலும் விபத்து உண்டு. மணலில் போர்க்கை அப்படியே விட்டால் ஒரு பக்கம் புதைந்து சாயும். இரண்டு பனஞ்சட்டத்தைக் கீழே போட்டு அதன் மேல் இறக்க வேண்டும். அதைவிட முக்கியம், லீவரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. திறந்தால் அப்போதே தட்டை வெளியே எடுத்து வண்டியைப் பின்னால் நகர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி பூட்டிவிட்டுப் போக வேண்டும். பாதி நிலையில் நிற்கும் வண்டியை அடுத்து ஏறுகிற டிரைவர் பூட்டியதாகவே நினைத்துத் தூக்குவார். ஷிப்டு மாறும் உப்பளங்களில் இதை எழுதி ஒட்டியே வைக்கலாம்.

பூட்டு சரியாக விழுந்தாலும் அதை உடைக்கிற வேலை முறைகள் சில இங்கே உண்டு. கருவேலத் தூரைப் பக்கெட்டின் ஒரு மூலையால் நெம்புவது முதலாவது. முழு விசையும் ஒரு பின்னில் விழுந்து, எதிர் மூலையில் மடிப்பு தட்டை விட்டு எழும்பும். சுற்றிலும் மண்ணைப் பறித்து வேரை வெளியே கொண்டுவந்த பிறகு பக்கெட்டின் நடுப்பல்லால் தூக்க வேண்டும். அடிக்கடி தூர் பிடுங்குகிறவர்கள் அதற்கான கொம்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது லாபம். வள்ளத்தைக் கரையேற்ற லோடர் கையில் கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது இன்னொன்று. லோடர் கைகளும் இந்தப் பூட்டும் முன்பின் விசைக்காகச் செய்தவை. குறுக்கே இழுத்தால் கை முறுக்கிக்கொள்ளும், துளை ஒரு பக்கமாகத் தேயும். இழுப்பதற்கு டிராக்டரின் பின்னால் கொக்கி இருக்கிறது. அவுட்போர்டு இன்ஜினைத் தூக்கப் பக்கெட்டின் பல்லில் கயிற்றைப் போடாமல், அதே தட்டில் பூட்டும், முன்னால் நீளும் கையுள்ள ஜிப் கொக்கியை வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குயிக் அட்டாச் தட்டு தன் எடையையும் சேர்த்துக்கொண்டு சுமையைக் கொஞ்சம் முன்னாலும் தள்ளுகிறது. போர்க்கில் சுமை இன்னும் முன்னால் போகும். பக்கெட்டில் 800 கிலோ தூக்கும் வண்டி போர்க்கில் அதைத் தூக்கும் என்று எண்ணக் கூடாது. ஈர மணல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டன், 0.4 கன மீட்டர் பக்கெட் நிறைய அள்ளினால் அதுவே 800 கிலோ. பின்னால் எடை இல்லாமல் இதைத் தூக்கினால் பின் சக்கரம் தரையை விடும். அறுபது சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்தில் கான்கிரீட் கட்டை ஒன்று வார்த்து டிராக்டரின் பின்னாலுள்ள த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் மாட்டினால் சுமார் 500 கிலோ கிடைக்கும்; செலவும் பெரிதில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மணிக்கணக்கில் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, பயிற்சிகளும் நடத்துகிறது. உழுவது, நடுவது பற்றிய பயிற்சிகளோடு கருவி மாட்டுவதையும் பூட்டைச் சோதிப்பதையும் ஒரு மணி நேரமாவது வண்டியை வைத்தே செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தூர்வாரும் வேலையைக் கொடுக்கும் ஊராட்சிகள், வண்டி வந்து இறங்கியதும் அழுத்தச் சோதனையைத் தங்கள் முன்னால் செய்யச் சொல்லலாம். ஓரிரு நிமிடம்தான் ஆகும். டிரைவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். பல லோடர்களில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. விற்பவர்கள் அதைத் தமிழில் அச்சிட்டு, இருக்கையில் உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில் ஒட்டித் தர வேண்டும்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் இரண்டு படங்களை அருகருகே வெளியிட முடிந்தால் உதவியாக இருக்கும்: லாக் பின்னின் நுனி துளைக்குக் கீழே வெளிவந்திருக்கும் படம் ஒன்று, லீவர் படுத்திருந்தும் நுனி விளிம்பின் மேல் நின்றுவிட்ட படம் ஒன்று. படம் எடுக்க வண்டியையும் பக்கெட்டையும் நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
டிராக்டர் லோடர் ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
சாயல்குடி – ஏர்வாடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.